முதலில் அழைத்தவர்

என் கணவர் ஆவுடையப்பன் இறந்த பிறகு அவரை முதலில் அழைத்தவர் அவருடைய அண்ணன். நான் அல்ல. இதைப் பற்றிப் பின்னால் எங்கள் குடும்பத்தில் நிறையப் பேச்சு நடந்தது. அன்றைக்கு மட்டும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோருக்கும் அதுதான் முறை என்று பட்டது. எனக்கும்தான்.

ஓருரு என்பது அரசாங்கம் வைத்த பெயர். பாளையங்கோட்டையில் அதை லைன் என்றுதான் சொல்வோம். ‘கருமாதிக்கே லைன் தொறந்துட்டாவளா?’ என்று சாவு வீட்டில் விசாரிப்பது இப்போது சாதாரணம். ஒருவர் உயிரோடு இருக்கும்போதே சம்மதம் தந்திருந்தால், போனிலும் வீட்டிலும் வண்டியிலும் அவர் பேசிய பேச்செல்லாம் ஓரிடத்தில் சேர்ந்துகொண்டே வரும். அவர் போன பிறகு உறவுக்காரர்கள் அழைத்தால், அந்தப் பேச்சிலிருந்து ஒருவர் எழுந்து பதில் சொல்வார். அவர் இவர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் பேசுகிறோம்.

தொடக்கத்தில் யார் வேண்டுமானாலும் எத்தனை வேண்டுமானாலும் உண்டாக்கிக்கொள்ளலாம் என்று இருந்தது. நான் மாவட்ட நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். அந்தக் காலத்து வழக்கு ஒன்றில், இறந்துபோன ஒரே மனிதர் இரண்டு தரப்புக்கும் சாட்சி சொன்னார். மூத்த மகள் வைத்திருந்த அப்பா, இளையவளின் கல்யாணத்துக்குத் தான் சம்மதிக்கவே இல்லை என்றார். இளையவள் வைத்திருந்த அப்பா, மாப்பிள்ளைக்குச் சட்டை எடுத்த கடை முதற்கொண்டு சொன்னார். நான் இரண்டையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். இப்படிப் பல ஊர்களில் நடந்த பிறகு சட்டம் வந்தது. இறந்தவர் ஒருவருக்கு ஓருரு ஒன்றே. யார் எங்கிருந்து அழைத்தாலும் அந்த ஒருவர்தான் வருவார்.

ஆவுடைக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. அவர் மென்பொருள் எழுதுகிறவர். சட்டம் வந்த வாரம் சாப்பிடும்போது சொன்னார்:

“இது பழைய வித்தை, பியூ. சிங்கிள்டன்னு பேரு. ஒரு பொருள் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கணும்னா அப்படி எழுதுவோம். பாக்க ஒழுங்கா இருக்கும். எல்லாரும் அதையே புடிச்சுத் தொங்குவான். ஒருத்தன் தொட்டு மாத்துனா எல்லாருக்கும் மாறிடும். எவன் மாத்துனான்னு தேடுறதுக்குள்ள தாவு தீந்துரும்.”

“அப்ப நீங்க சம்மதம் குடுக்காதீங்க.”

“குடுத்தாச்சே. நான் செத்த பொறவு நீ யாருகூடச் சண்ட போடுவ?”

நானும் அவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். நான் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். என் பெயர் பியூலா. அவருக்கு நான் பியூ.

அதற்கு அடுத்த ஐப்பசியில், மழை வருகிறதென்று மாடிக்குத் துணி எடுக்கப் போனவர் இறங்கி வரவில்லை. தலைக்குள் இரத்தக் குழாய் வெடித்திருந்தது.

அவருடைய அண்ணன் பிரம்மநாயகம் அம்பாசமுத்திரத்தில் மோட்டார் பம்புக் கடை வைத்திருக்கிறார். எங்கள் கல்யாணத்துக்கு அவர் வரவில்லை. நான் கிறிஸ்தவப் பெண் என்பது ஒரு காரணம். தம்பி தன்னைக் கேட்காமல் முடிவு செய்தான் என்பது அதைவிடப் பெரிய காரணம். சில வருஷங்கள் கழித்து அவர்களுடைய அப்பா இறந்தபோது எங்களுக்குச் சொல்லியனுப்பவில்லை. கருமாதியும் முடிந்த பிறகு, பழைய வகுப்புத் தோழன் ஒருவன் துக்கம் விசாரிக்கப் போன் செய்துதான் ஆவுடைக்கு விஷயம் தெரிந்தது. அன்றைக்குச் சமையலறையில் நின்றுகொண்டு, அண்ணனைப் பற்றி மனதில் இருந்ததையெல்லாம் உரக்கச் சொல்லித் தீர்த்தார். அதன் பிறகு அந்தப் பெயரை அவர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. அப்பா முகத்தைக் கடைசியாகப் பார்க்க விடவில்லை என்பதை மட்டும் அவர் மறக்கவே இல்லை.

எங்களுக்கு ஒரே மகள், தாமிரா. மகன் இல்லாததால் சொந்தக்காரர்கள் ஆள் அனுப்பி அண்ணனை வரவழைத்தார்கள். கொள்ளி வைத்தது அவர்தான். கருமாதி அன்று சாப்பாட்டுக்கு முன் லைன் திறக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. ஓருரு மையத்திலிருந்து அனுப்பிய பதிவுக் குரல் ‘இறந்தவருக்கு நெருக்கமானவர் முதலில் அழைப்பது நல்லது’ என்று சொன்னது. வங்கியிலிருந்து வருகிற அறிவிப்புகளைப் போல அதையும் யாரும் காதில் வாங்கவில்லை.

“கொள்ளி வச்சவன்தான் லைனும் தொறக்கணும். மூத்தவன் இருக்கும்போது வேற யாரு?” என்றார் நெல்லையப்ப மாமா. ஆவுடையின் தாய்மாமன். இந்த மாதிரி விஷயங்களில் அவர் சொல்வதுதான் முடிவு.

“பொண்டாட்டி இருக்காள்லா மாமா?” என்றாள் செண்பகம் அக்கா. பிரம்மநாயகத்தின் மனைவி.

“அவ நாளைக்குப் பேசிக்கிடட்டும். ஒரே ஆளுதானம்மா. ரெண்டு பேரா இருக்காவ, ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிட?”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையை ஆட்டினேன். ஒரே ஆள்தானே, யார் முதலில் கூப்பிட்டால் என்ன?

பிரம்மநாயகம் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கூடத்தில் எல்லோருக்கும் கேட்கும்படி வைத்திருந்தார்கள்.

“ஏலே ஆவுடை.”

சத்தமில்லை.

“நான்தாம்ல, அண்ணன். உன்ன மன்னிச்சிட்டேம்ல. எல்லாத்தையும் மன்னிச்சிட்டேன்.”

கொஞ்ச நேரம் கழித்து என் கணவரின் குரல் வந்தது. “அண்ணே… வந்துட்டியளா? நான் செஞ்சது தப்புதாண்ணே.”

பிரம்மநாயகம் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். கூடமே அழுதது. அந்தக் குரலைக் கேட்டதில் நானும் அழுதேன். வார்த்தைகளை அப்போது நான் கவனிக்கவில்லை.

மறுநாள் காலையில் நான் அழைத்தேன்.

“நல்லா இருக்கியா, பியூலா?” என்றார். முழுப் பெயர். “அண்ணன் ஊருக்குப் போய்ச் சேந்தாவளா?”

“சேந்துட்டாவ. வடைய மட்டும் ஒரு தட்டு தின்னுட்டுப் போனாவ, உங்க அண்ணன்.”

இதற்கு அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். தட்டையும் சேர்த்துத் தின்னிருப்பாவ என்பார். அதைக் கேட்கத்தான் சொன்னேன்.

“அண்ணனப் பத்தி அப்படிச் சொல்லாத, பியூலா.”

புதுசுதானே, போகப் போகச் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பல மாதங்கள் அப்படியே போயின. மரியாதையாகப் பேசினார். சாப்பிட்டாயா என்று கேட்டார். நடுநடுவே அண்ணனைப் பற்றி விசாரித்தார். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரோடு பேசிவிட்டு வைப்பது போல ஒவ்வொரு தடவையும் வைத்தேன்.

தாமிரா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தாள். நிலவியல் படிக்க ஹைதராபாத் போக வேண்டும் என்றாள். நான் திருநெல்வேலியிலேயே ஏதாவது படி என்றேன். இந்த மாதிரிச் சண்டைகளை முன்பெல்லாம் அவள் அப்பாவிடம் கொண்டுபோவாள். அவர் அவள் பக்கம்தான் பேசுவார். அன்றும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவரை அழைத்தாள். வெளியே வந்தபோது முகம் சரியாக இல்லை.

“அம்மா, அப்பா உங்களக் கல்யாணம் பண்ணுனது தப்பா?”

“யாரு சொன்னா?”

“அப்பாதான். பெரியவங்க பேச்சக் கேளும்மா, நான் கேக்காம அவசரப்பட்டுட்டேன், நீயும் அப்படிப் பண்ணிராதன்னு சொல்றாங்க.” அவள் சுவரில் சாய்ந்துகொண்டாள். “அப்ப நான் அவசரத்துல பொறந்தவளா?”

நான் அவள் முன்னாலேயே அவரை அழைத்தேன். ஆவுடை, என்ன சொன்னீங்க அவகிட்ட என்று கேட்டேன். தன்னால் எல்லோருக்கும் கஷ்டம் என்றார். அப்பா சாவுக்குக்கூடத் தான் போகவில்லை, அது பெரிய பாவம் என்றார்.

“உங்களுக்கு யாரும் சொல்லவே இல்லையே, ஆவுடை.”

“சொல்லலைன்னாலும் நானாத் தெரிஞ்சுக்கிட்டு வந்திருக்கணும். என் தப்புதான்.”

நான் போனை வைத்துவிட்டேன். தாமிரா உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் அப்பாவை அழைப்பதை நிறுத்தினாள். அவர் இறந்த நாளைவிட அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது என்றால் மிகையாகத் தெரியலாம். ஆனால் அப்படித்தான் இருந்தது. என் மகளுக்கு அவளுடைய அப்பா திரும்பக் கிடைக்க வேண்டும். அதற்கு மேல் அப்போது எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

மேலப்பாளையத்து ஃபிர்தௌஸ் ஒரு காலத்தில் ஆவுடையிடம் வேலை கற்றவள். இப்போது ஓருரு மையத்தில் பெரிய பொறுப்பில் இருக்கிறாள். மையத்தின் கேன்டீனில் உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள்.

“முதல்ல யாரு கூப்பிட்டா, அக்கா?”

“அவரோட அண்ணன்.”

“என்ன சொல்லிக் கூப்பிட்டாங்க?”

சொன்னேன். அவள் டீ கிளாஸைக் கீழே வைத்தாள்.

“மன்னிச்சிட்டேன்னா?” என்றாள். “அல்லாவே.”

“ஏன், அதுல என்ன?”

“அக்கா, ஒருத்தர் செத்ததும் நாங்க யாரையும் உண்டாக்கி வைக்கிறது இல்ல. சேமிப்பு மட்டும்தான் இருக்கும். வெளியில இருந்து யாரும் நேரா உண்டாக்கவும் முடியாது. கேக்கத்தான் முடியும். கேட்டா, ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரான்னு அது பாக்கும். இருந்தா அவரையே குடுக்கும். இல்லைன்னாதான் உண்டாக்கும். அப்படி உண்டாக்குற அந்த ஒரு தடவை, கூப்பிட்டவங்க யாரு, என்ன முறை, என்ன சொன்னாங்கன்னு எல்லாத்தையும் எடுத்துக்கும். அதுல நின்னுக்கிட்டுதான் மத்த பேச்சையெல்லாம் அடுக்கும். ரெண்டாவதா கூப்பிடுறவங்க என்ன குடுத்தாலும் அடுக்கு மாறாது.”

“அவர் அண்ணனத் திட்டுனது சேமிப்புல இருக்குமே. சமையலறையில நின்னு கத்துனாரே.”

“எல்லாம் இருக்கு. அடியில இருக்கு. முதல் வார்த்தையே மன்னிப்புன்னு வந்துட்டா, அது என்ன நினைக்கும்? இந்த ஆளு என்னமோ தப்பு செஞ்சிருக்கான்னு நினைக்கும். தப்பு செஞ்சவனாத்தான் எழுந்திருக்கும். சார் இப்ப குற்றவாளிக்கா. உங்களுக்கும் பாப்பாவுக்கும் சேத்துதான். ஆளுக்கொரு சார் கிடையாதே.”

“இத ஏன் யாரும் சொல்லல?”

“நெருக்கமானவங்க முதல்லன்னு சொல்றோமே.”

“நம்ம ஊர்ல நெருக்கம்னா மூத்தவங்கதான, ஃபிர்தௌஸ். அதையும் சேத்துல்லா சொல்லணும்.”

அவள் தன் கருவியை எடுத்து எங்கள் பதிவைத் திறந்தாள். பிறகு வழி ஒன்று இருக்கிறது என்றாள். ஓராண்டுக்குள் என்றால் மூடிவிட்டு மறுபடி திறக்கலாம். ஒரே ஒரு தடவை. பதிவான உறவுகள் எல்லோரும் மையத்துக்கு நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். எங்கள் விஷயத்தில் அது நான், தாமிரா, பிரம்மநாயகம்.

“மூடுனா, இப்ப இருக்கறவர் போயிருவார். கருமாதிக்கு அப்புறம் நீங்க யாரு பேசுனதும் அவருக்குத் தெரியாது. அண்ணன் பேசுனதும்தான். அவர் எத்தன தடவ பேசியிருக்காருன்னு தெரியுமா?” அவள் தன் கருவியைப் பார்த்தாள். “தினம் பேசுறாருக்கா.”

அம்பாசமுத்திரத்துக்கு நான் போனது அதுதான் முதல் தடவை. கடையும் வீடும் ஒன்றுதான். முன்னால் பம்புகள், பின்னால் குடியிருப்பு. மதியச் சாப்பாட்டு நேரம். உள்ளே நுழையும்போதே அவருடைய சிரிப்பு கேட்டது. ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, பக்கத்தில் போனை வைத்து என் கணவரோடு பேசிக்கொண்டிருந்தார். ஆற்றில் குளிக்கப் போய் வேட்டியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போன கதை. ஆவுடையும் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்கு அவர் தந்து எத்தனையோ காலமாகியிருந்தது.

செண்பகம் அக்கா என்னைப் பின்பக்கம் அழைத்துப்போய்ச் சாப்பாடு போட்டாள்.

“இத்தன வருசமா இந்த மனுசன் தம்பி பேரச் சொல்லல. சொல்லவும் விடல. பொங்கலுக்கு எல வாங்குனா ஒண்ணு கூடுதலா வாங்குவாவ, ஏன்னு கேட்டா வள்ளுன்னு விழுவாவ. இப்பத்தான் நல்லாச் சாப்பிடுதாவ, தூங்குதாவ.” ரசத்தை ஊற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள். “நீ சும்மா வரல, என்ன?”

“சும்மா வரலக்கா.”

“அப்ப மொதல்ல சாப்பிடு.”

சாப்பிட்ட பிறகு கடைக்கு வந்து அவருக்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தேன். வந்த விஷயத்தைச் சொன்னேன். அவர் திருப்புளியைக் கீழே வைக்கவில்லை.

“மூடணும்ங்கியா?”

“ஆமா, அத்தான்.”

“எந்தம்பி ரெண்டாவது தடவ சாகணும்ங்கிற.”

“அது ஆவுடை இல்ல, அத்தான்.”

“உனக்குப் புடிச்ச மாதிரி பேசுனாத்தான் அவன் ஆவுடையா? எங்கிட்டப் பேசுதவன் யாரு அப்ப? எங்க அம்மா பாடுன தாலாட்டு உனக்குத் தெரியுமா? அவன் சொல்லுதான்மா, வரி வரியா.”

“எம்மக அவர்கிட்டப் பேசுறத நிறுத்திட்டா. அம்மாவக் கட்டுனது தப்புன்னு அப்பா சொன்னா, எந்தப் பிள்ள பேசும்?”

“பெரியவங்களக் கேக்காமச் செஞ்சது தப்புத்தான?” என்றார். குரலில் பழைய வேகம் இல்லை. வழக்கமாகச் சொல்கிற வார்த்தை என்பதால் சொன்னது போல இருந்தது.

“சரி அத்தான். அதயும் விடுங்க. உங்க அப்பா செத்ததுக்கு வராதது அவர் தப்புன்னு சொல்றார். பாவம்ங்கறார். உங்ககிட்டயும் சொன்னாரா?”

திருப்புளி நின்றது.

“நீங்க அவருக்குச் சொல்லியனுப்பலியே.”

தெருவில் ஒரு ஆட்டோ போனது. செண்பகம் அக்கா உள்ளே நிலைப்படியில் வந்து நின்றாள். அவர் மோட்டாரின் செப்புக் கம்பி ஒன்றை எடுத்துச் சுற்றினார், பிரித்தார், மறுபடி சுற்றினார்.

“முதல் வாரமே சொன்னான்,” என்றார் கடைசியில். “வரலியேண்ணே, மன்னிச்சிருங்கன்னான். நாந்தானம்மா சொல்லவேண்டாம்னேன். பொணத்த எடுக்கற வரைக்கும் நாலு பேரு வந்து கேட்டாவ, ஆவுடைக்குச் சொல்லியாச்சான்னு. சொல்லியாச்சு, அவன் வரமாட்டேன்னுட்டாம்னேன்.”

செண்பகம் அக்காவுக்கு இது தெரியாது என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

“அதுக்கு அவன் மன்னிப்புக் கேட்டான் பாரு, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இவன் அவன் இல்லைன்னு. எந்தம்பி அந்த விசயத்துல எங்கிட்ட மன்னிப்புக் கேப்பானா? செருப்பத் தூக்கியிருப்பான்.” அவர் போனைப் பார்த்தார். “தெரிஞ்சும் கேட்டுக்கிட்டே இருந்தேம்மா. தினம் ஒரு தடவ கேக்கணும் போல இருந்துச்சு.”

அடுத்த வாரம் மூவரும் மையத்துக்குப் போனோம். தாமிரா பெரியப்பாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றாள். மூடுவதற்கு முன் கடைசியாகப் பேச வேண்டுமா என்று ஃபிர்தௌஸ் கேட்டாள். நானும் தாமிராவும் வேண்டாம் என்றோம். பிரம்மநாயகம் பேசினார்.

“ஏலே ஆவுடை. உன்ன மூடப் போறோம்ல.”

“சரிண்ணே.”

“புரியுதா? இனிமே நீ இருக்க மாட்ட. வேற ஒருத்தன் வருவான்.”

“நீங்க சொன்னாச் சரியாத்தாண்ணே இருக்கும்.”

அவர் எங்கள் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, ஆனால் கோபம்தான் அதிகம் தெரிந்தது. “பாத்தியளா? இதுக்கும் சரிங்கான். எந்தம்பி வாழ்க்கையில நான் சொன்ன எதுக்குச் சரின்னிருக்கான்? கொடைய எடுத்துட்டுப் போன்னா நனஞ்சுக்கிட்டுப் போவான்.”

தாமிராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அப்பா அதே ஆள்தான் என்றாள் பெரியப்பாவிடம். அவர்கள் இருவரும் பேசிக்கொண்ட முதல் பேச்சு அதுதான்.

மூன்று பேரும் சம்மதம் சொன்னோம். ஃபிர்தௌஸ் மூடினாள். ஒரு சத்தமும் இல்லை.

“இந்தத் தடவ யாரு?” என்றாள்.

“பியூலாதான்,” என்றார் பிரம்மநாயகம், யாரும் வாய் திறப்பதற்கு முன்.

நான் வாரம் முழுக்க இதைத்தான் யோசித்திருந்தேன். என்ன சொல்லி அழைப்பது? அழுதேன் என்றால், அழுகிற மனைவியைச் சமாதானப்படுத்துகிறவராகவே கடைசிவரை இருப்பார். ஏன் விட்டுட்டுப் போனீங்க என்றால், விட்டுவிட்டுப் போனவராக எழுந்திருப்பார். எந்த வாக்கியத்தை எடுத்தாலும் அதற்குள் ஒரு ஆவுடை இருந்தார், அவர் முழு ஆவுடை இல்லை. சும்மா பேசுங்கக்கா, தினம் பேசுற மாதிரி என்றாள் ஃபிர்தௌஸ். தினம் பேசுகிற மாதிரி இனி எனக்குப் பேச வராது. அதுவும் தெரிந்தது.

தவிர, நான் அழைத்தால் அவர் முதலில் என் கணவராகத்தான் வருவார். எனக்கு அவரோடு வாழ்ந்த வருஷங்கள் இருக்கின்றன. கண்ணை மூடினால் போதும். தாமிராவுக்கு இனிமேல்தான் எல்லாமே: படிப்பு, வேலை, அவள் யாரைக் கொண்டுவந்து எங்கள் முன் நிறுத்தப்போகிறாளோ அது.

போனை அவளிடம் கொடுத்தேன்.

“நானா?” என்றாள். “நான் என்ன பேச? நான் ஒண்ணும் யோசிக்கலயே.”

“அதுக்குத்தான் குடுக்குதேன்.”

போன் எல்லோருக்கும் கேட்கும்படிதான் இருந்தது; அவள் அதை வாய்க்கருகே வைத்துக்கொண்டாள். மூன்று பேரும் அவளையே பார்ப்பது அவளுக்கு எரிச்சலாக இருந்திருக்க வேண்டும். திரும்பி நின்றுகொண்டாள்.

“அப்பா, ஸ்கூட்டி சாவிய எங்க வச்சீங்க?”

“நான் எங்க வச்சேன்? நீதான நேத்து எடுத்துட்டுப் போன,” என்றது என் கணவரின் குரல். “ஃபிரிட்ஜ் மேல பாத்தியா? பாத்திருக்க மாட்ட. கண்ண எங்கயோ வச்சிட்டு வாயாலயே தேடு.”

“பாத்தாச்சுப்பா!”

“மறுபடியும் பாரு.”

அவள் போனை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றாள். ஃபிர்தௌஸ் சன்னல் பக்கம் போய்விட்டாள். பிரம்மநாயகம் துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். தாமிரா தினம் பேசினாள். ஹைதராபாத் விஷயத்தில் அவர் அவள் பக்கம் நின்று என்னோடு வாதாடினார், நான் தோற்றேன். என்னை மறுபடி பியூ என்று கூப்பிட்டார். ஆனால் நான் அழைத்தால் பாதிப் பேச்சு மகளைப் பற்றித்தான் இருந்தது. அவ சாப்பிட்டாளா, அவகிட்டக் கொஞ்சம் பாத்துப் பேசு, அவ சின்னப் பிள்ள. கணவராக அவர் எனக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் திரும்பி வந்தார். அது தெரிந்துதான் போனைக் கொடுத்தேன்.

பிரம்மநாயகம் ஒரு வாரம் கழித்து அழைத்தாராம். அவரே எனக்குப் போன் செய்து சொன்னார்.

“யாருன்னு கேட்டான். அண்ணன்னேன். வச்சிட்டான்மா.”

ஓருருவுக்கு அழைப்பைத் துண்டிக்கவும் முடியும். சேமிப்பில் அந்த மனிதர் துண்டிக்கிறவராக இருந்தால்.

“மறுபடி கூப்பிடுங்க, அத்தான்.”

“கூப்பிடத்தான் போறேன். வேற என்ன சோலி எனக்கு?”

வாரம் ஒரு தடவை அழைத்தார். ஒவ்வொரு தடவையும் ஆவுடை வைத்தார். ஒரு தடவை என்னிடமே கேட்டார்: “அந்த ஆளு எதுக்கு பியூ என்னக் கூப்பிடுதாவ?” உங்க அண்ணன்தானே, பேசினால் என்ன என்றேன். அதப் பத்தி நீ பேசாத என்றார். அந்தக் கோபத்தைக் கேட்க எனக்கு நிம்மதியாக இருந்தது. அது அவருடையது. அதை யாரும் அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

ஆடி மாதம் தாமிராவை ஹைதராபாத்துக்கு ரயிலேற்றத் திருநெல்வேலி ஜங்ஷனுக்குப் போனோம். செண்பகம் அக்காவும் பிரம்மநாயகமும் அம்பாசமுத்திரத்திலிருந்து வந்திருந்தார்கள். அக்கா கொடுத்த முறுக்கு டப்பாவை எதில் திணிப்பது என்று தாமிரா அவளோடு தகராறு செய்துகொண்டிருந்தாள். அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

“நேத்துப் பேசுனாம்மா.”

“பேசுனாரா?”

“பேச்சா அது? திட்டு. அப்பா சாவுல இருந்து ஆரம்பிச்சான். நான் போன புடிச்சுக்கிட்டே நின்னேன். கடைக்கு வந்தவன்லாம் நின்னு பாத்துட்டுப் போறான். செண்பகம் வந்து சாப்பாடு ஆறுதுங்கா. போ அங்கிட்டுன்னேன். என்னெல்லாம் நெனப்புல வச்சிருக்கான் தெரியுமா? பள்ளிக்கூடத்துல அவன் பம்பரத்த நான் வாய்க்கால்ல எறிஞ்சது வரைக்கும் வச்சிருக்கான், பய.”

அவர் முகத்தில் வெட்கம் மாதிரி ஒன்று இருந்தது.

“நீங்க மன்னிப்புக் கேட்டீங்களா, அத்தான்?”

“இன்னும் கேக்கல.”

“ஏன்?”

“கேட்டா பேச்சு முடிஞ்சிரும்லா,” என்றார். “அவன் முழுசாத் திட்டி முடிக்கட்டும்.”

வண்டி வருவதாக அறிவித்தார்கள். அவர் தாமிராவின் பெரிய பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, ஏட்டி, எந்தக் கோச்சு உன்னுது என்று கேட்டபடியே முன்னால் நடந்தார்.